ஆட்டோ முதுகில் ஒட்டிய நோட்டீஸ்

"அக்கா, பொண்ணோட சட்டை பழசு, செருப்பு மட்டும் புதுசு. வர்றீங்களா?"

ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் வாசலில் பூ விற்கும் மாரியாயி போனில் சொன்னது இவ்வளவுதான். பிள்ளைக் கடத்தலைத் தடுக்கும் எங்கள் குழுவுக்கு அது போதும். பிள்ளைகளை ஏமாற்றிக் கூட்டிப்போகிறவர்கள் முதலில் வாங்கிக் கொடுப்பது செருப்புதான்.

குழுவிலிருக்கும் சித்தார்த்தனின் ஆட்டோவில் ஏறினேன். இந்த மாதம் இது ஏழாவது தடவை. ஆறு தடவையும் ஒன்றுமில்லை. சொந்த மகளோடு வந்த மணப்பாறைக்காரர் ஒருவர் என்னைப் பிடி பிடியென்று பிடித்துவிட்டார். போன வாரம் ஒரு தாய் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். ரிட்டையர் ஆன டீச்சருக்கு எதற்கு இந்த வேலை என்று என் வீட்டுக்காரர் கேட்பதில் தப்பில்லை. முட்டி வலி வேறு.

ஆனால் போன வருஷம் இதே ஸ்டேஷனில் ரயிலேறிய ஒரு சிறுமியை நாங்கள் தவறவிட்டோம். மூன்று மாதம் கழித்து, வேறொரு ஊரில், ஒரு லாட்ஜில்தான் அவளை மீட்டார்கள். பதினாலு வயது.

அதற்குப் பிறகுதான் நோட்டீஸ் அடித்து இருநூறு ஆட்டோக்களின் முதுகில் ஒட்டினோம். சந்தேகம் வந்தால் பிள்ளையிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது நான்தான்.

பிளாட்பாரத்தில் அந்தப் பெண்ணுக்குப் பதிமூன்று வயதிருக்கும். கூட இருந்தவள் தன்னைச் சித்தி என்றாள். கோபப்படவே இல்லை.

"கேளுங்கம்மா, நல்ல காரியம்தானே செய்றீங்க" என்று சொல்லிவிட்டுத் தானாகவே பத்தடி தள்ளிப் போய் நின்றாள். எனக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

நான் ஒரு டீச்சர் என்று சொல்லிவிட்டுக் கேட்டேன்.

கூட வந்திருப்பது யார்? சித்தி, அம்மாவுக்குத் தங்கச்சி.

எந்த ஸ்கூல், டீச்சர் பேர் என்ன? உப்பிலியபுரம், எட்டாவது, லிசி டீச்சர்.

நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய்? இட்லி, தேங்காய்ச் சட்னி.

எங்கே போகிறாய்? சென்னை, லீவுக்கு மாமா வீடு.

ஓரிடத்தில்கூடத் தடுமாறவில்லை. முப்பத்திரண்டு வருஷம் வகுப்பறையில் நின்றவள் நான். கேட்டதும் பதில் சொல்லும் பிள்ளையைப் பார்த்தால் மனசு குளிர்ந்துவிடும். "வெரி குட்" என்று வாய் தானாகச் சொன்னது.

சித்தியிடமும் கேட்டேன். அதே இட்லி, அதே தேங்காய்ச் சட்னி.

ரயில் வருவதாக அறிவித்தார்கள். இன்னும் கேட்டுக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை. சித்தியிடம் மன்னிப்புக் கேட்டேன். வாசலில் நின்ற மாரியாயிக்கு, ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினேன்.

ரயில் வந்து நின்றது. சித்தி முதலில் ஏறினாள். பின்னாலேயே படியில் ஒரு காலை வைத்த பெண், திரும்பி என்னைப் பார்த்தாள்.

"டீச்சர், அஞ்சாவது கேக்கலையே?"

மொத்தம் ஐந்து கேள்வி என்று நான் அவளிடம் சொல்லவே இல்லை.

அது நோட்டீஸில் இருக்கிறது. நான் எழுதிய அதே வரிசையில், நம்பர் போட்டு. யாரோ ஆட்டோ முதுகைப் பார்த்து ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டுபோய் இவளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்கள்.

முட்டி வலி மறந்துபோயிற்று. ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன். மாரியாயி பூக்கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து எங்களுக்கு முன்னால் மறித்து நின்றாள்.

ரயில் நகர்ந்தது. சொந்தச் சித்தியாக இருந்தால் கத்திக்கொண்டு குதித்திருப்பாள். இவள் உள்ளே போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். சித்தார்த்தன் ரயில்வே போலீஸுக்குப் பெட்டி நம்பரைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்தப் பெண்ணைப் பெஞ்சில் உட்காரவைத்தேன். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு ஐந்தாவதைக் கேட்டேன்.

"வீட்டுக்குப் போகணுமாம்மா?"

அதற்கும் ஒரு பதில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

அதை மட்டும் அவளால் ஒப்பிக்க முடியவில்லை.