பின்தங்கும் இழை

ஈர மண்ணைத் தொட அந்தச் சின்ன வெங்காயத்தின் வேர் இன்னும் கொஞ்சம் வளர வேண்டியிருந்தது. வேர் நுனியில் ஒரு செல் இரண்டாகப் பிரியத் தயாரானது. உள்ளே முறுக்கிக் கிடந்த டிஎன்ஏ, ஜிப்பைப் போலத் திறந்துகொண்டே போனது. பிரிந்த இரண்டு இழைகளையும் நகலெடுக்க நெட்டையன், குட்டையன் என்று இரண்டு புரதங்கள் வந்தன. இருவருக்கும் ஒரே திசையில்தான் எழுத வரும். இழைகளோ எதிரெதிராக ஓடின.

நெட்டையனுக்கு வாய்த்த இழை, திறக்கும் பக்கமாகவே போனது. ஒரே மூச்சில் எழுதிக்கொண்டு போனான். எதிர் இழையில் இருந்த குட்டையனோ கொஞ்சம் திறக்கும்வரை காத்திருந்து, முன்னால் ஓடி, பின்னோக்கி வந்தபடி ஒரு துண்டு எழுதுவான். மறுபடி ஓடுவான், மறுபடி ஒரு துண்டு.

"என்னடா, எழுதுறியா, ஒட்டுப் போடுறியா? பின்தங்கும் இழைடா உன்னோடது!" என்றான் நெட்டையன். அந்தப் பெயர் செல் முழுக்கப் பரவிவிட்டது.

வேலை முடிந்ததும், துண்டுகளை இணைத்த பசைக்காரியிடம், "இவன் போட்ட ஒட்டுகளைக் காட்டு" என்றான் நெட்டையன்.

அவள் இழை நெடுகத் தடவிப் பார்த்தாள். "நான்தான் ஒட்டினேன். எனக்கே தெரியலையே!"

வேர் ஈரத்தைத் தொட்டது. அடுத்த செல்லில் அந்த எதிர் இழை நெட்டையனுக்கு வந்தது. ஓடினான், எழுதினான், மறுபடி ஓடினான். பக்கத்து இழையில் குட்டையன் நிதானமாக எழுதிக்கொண்டே வந்தான்.

"சிரிக்காதடா" என்றான் நெட்டையன்.

"சிரிக்கல. நீ வச்ச பேரை அந்த இழையிலேயே விட்டுட்டு வந்தேன். பத்திரமா இருக்கா?"