பின்னட்டையில் நாலு வரி

"இதை எழுதினது யார் சார்? அந்த ஆளை நான் இப்பவே பார்க்கணும்!"

கணக்கு டீச்சர் அட்டையை மேஜைமேல் போட்ட வேகத்தில் பதிப்பாளரின் காபி தளும்பியது.

டீச்சரின் முதல் நாவல். விடைத்தாள் திருத்திய நேரம் போக, ஐந்து வருஷமாக எழுதியது. மதியம் அட்டை அச்சுக்குப் போகிறது.

"ஏம்மா, எழுத்துப்பிழை ஏதாவது..."

"பிழையா? உங்க அலமாரியைப் பாருங்க. 'கையில் எடுத்தால் கீழே வைக்க முடியாது.' இதோ, 'காலத்தை வென்று நிற்கும்.' சமையல் புத்தகத்துக்குக்கூட 'நெஞ்சை உலுக்கும் படைப்பு'ன்னு போட்டிருக்கார் மனுஷன்! எனக்கு மட்டும் அப்படிப் போட என்ன கேடாம்?"

பின்னட்டையைத் திருப்பி அவளே வாசித்தாள்.

"'ஒரே ஒரு வார்த்தையில் பிரிந்துபோன அக்கா தங்கை கதை. நடுவில் கொஞ்சம் இழுவை, பொறுத்துக்கொள்ளுங்கள். எண்பத்தேழாம் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டு என் அக்காவுக்கு போன் செய்தேன்.' இழுவையாம்! சொந்தக்காரங்ககிட்ட எந்த மூஞ்சியோட சார் இதை நீட்டுவேன்?"

மூலையில் மூக்குக்கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தவர் மெல்ல எழுந்தார். முப்பது வருஷமாக அந்தப் பதிப்பகத்தின் எல்லாப் புத்தகத்துக்கும் பின்னட்டை எழுதுகிறவர் அவர்தான்.

"மாத்திடலாம்மா. 'கீழே வைக்க முடியாது'ன்னு போட்டுடறேன். ஒரு நிமிஷ வேலை."

"அக்காவுக்கு போன் பண்ணினதும் சும்மா விட்ட சரடுதானே?"

"இல்லம்மா." அவர் தயங்கினார். "பதினோரு வருஷமாப் பேச்சுவார்த்தை இல்ல. எடுத்ததும், 'ஏண்டா, இப்பத்தான் நம்பர் கிடைச்சுதா?'ன்னா. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரா."

டீச்சர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"ஒரு எழுத்துகூட மாத்தாதீங்க சார். அந்த இழுவையும் இருக்கட்டும்."

"சந்தோஷம்மா."

"ஆனா ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. மத்த புத்தகத்தையெல்லாம் அப்படித் தூக்கி வச்சுக் கொண்டாடியிருக்கீங்களே, அதைவிட என்னோடது அவ்வளவு மட்டமா?"

அவர் பதிப்பாளரை ஓரக்கண்ணால் பார்த்தார். பதிப்பாளர் அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அதெல்லாம் படிக்காம எழுதினதும்மா. உங்களோடதைத்தான் படிச்சுத் தொலைச்சுட்டேன்!"