ஒருமுறை போய் இருமுறை வந்தவன்

குடியுரிமை மனுவை வக்கீலம்மாதான் நிரப்பினார். இருபது வருஷம் இந்த நாட்டில் வெல்டிங் வேலை பார்த்தவன் நான். ஆனாலும் ஒரு தேதி தப்பானால் மனு குப்பைக்குப் போகுமாம். வக்கீல்களை நம்பிக் கெட்டவர்களை எனக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

"ஐயா, ஊர்ல உங்க தம்பி இறந்தப்போ ஒரு தடவைதானே இந்த நாட்டை விட்டு வெளியே போனீங்க?"

"ஒரே தடவைதான்."

"திரும்பி வந்தது ரெண்டு தடவைன்னு ஏர்போர்ட் பதிவுல இருக்கு. பதினாலாம் தேதி ஒண்ணு, பதினேழாம் தேதி ஒண்ணு. ரெண்டுலயும் உங்க கைரேகை. ஒண்ணை அடிச்சாதான் மனு நிக்கும்."

"அவனுங்களுக்கு எண்ணத் தெரியல. நான் வந்தது பதினாலு" என்றேன்.

பக்கத்தில் இருந்த என் மனைவி கைப்பையை மூடினாள்.

"இவர் சொல்றதை விடும்மா. பதினாலை அடிச்சிடு. ரெண்டு தடவையும் கதவைத் திறந்தவ நான். பதினேழாம் தேதி வந்தவர்தான் எங்க வீட்டுக்காரர்."

வக்கீலம்மா ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். கோடு முடிந்தபோது எனக்குச் சுகமாகத் தூக்கம் வருவது போல இருந்தது.

என் மனைவிக்கு முட்டிவலி. என் தோளைப் பிடிக்காமல் படி இறங்கமாட்டாள். அவள் எழுந்து வெளியே போனாள். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. வெளியே படியில் இரண்டு பேர் மெதுவாக இறங்கும் சத்தம் கேட்டது.