மூன்றாம் தெரு மாதிரி

தண்ணீர் மாதிரியைக் குழாயடியில்தான் பிடிக்க வேண்டும் என்பது சட்டம். மூன்றாம் தெருவில் குழாய் சாக்கடைக்குள் நின்றது. பரிசோதிக்க வந்த அதிகாரிக்கு அதில் செருப்பை நனைக்க மனமில்லை. முதல் வீட்டு வாசலில் நின்றபடியே செல்லக்கனியிடம் குப்பியை நீட்டினார்.

"குடிக்கிற தண்ணியில கொஞ்சம் ஊத்திக் குடும்மா."

வாசலுக்கு வந்த மனிதர் தண்ணீர் கேட்கிறார். காலையில் நாறிய குழாய்த் தண்ணீரை அவருக்கு எப்படிக் கொடுப்பது? மஞ்சள் காமாலையில் படுத்திருந்த மகளுக்காகக் கொதிக்கவைத்து ஆற்றி, துணியால் மூடி வைத்திருந்த பானையிலிருந்து மொண்டு குப்பியை நிரப்பினாள்.

"நல்ல தண்ணிதான்யா."

அவர் குப்பியில் தெருப்பெயரை ஒட்டி எடுத்துப் போனார்.

பத்தாம் நாள் மேல்நிலைத் தொட்டியின் தூணில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'மூன்றாம் தெருத் தண்ணீர் குடிக்க உகந்தது.' கீழே முத்திரையும் கையெழுத்தும். பழையதை மாற்றத் தெருவில் இறக்கியிருந்த புதுக் குழாய்களை அன்றே லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

செல்லக்கனி அந்தத் தாளை எழுத்துக்கூட்டி இரண்டு முறை வாசித்தாள். தொட்டியில் நல்ல மருந்தாகப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் பானைக்கடியில் எரிந்துகொண்டிருந்த விறகை இழுத்து, தண்ணீர் தெளித்து அணைத்தாள்.

"ஏட்டி, இனிமே காய்ச்ச வேண்டாம். சர்க்காரே சோதிச்சுச் சொல்லிட்டாங்க."

குழாயில் பிடித்து வந்த தண்ணீர் செம்பில் பார்வைக்குத் தெளிவாகத்தான் இருந்தது. மகள் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.