பிரெஞ்சுக் கோழியும் ஒரு சிட்டிகை உப்பும்

“ராசா டூலு!” என்றார் மேடம், தனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில். முதலில் ருசி பார்.

மருதமுத்து கரண்டியை வாய்வரைக்கும் கொண்டுபோனான். வாய்க்குள் கொண்டுபோகவில்லை. சப்புக்கொட்டுவதை மட்டும் இரண்டு தெருவுக்குக் கேட்கிற மாதிரி கொட்டினான்.

பானையில் கோழி சிவப்பு ஒயினுக்குள் நீச்சலடித்துக்கொண்டிருந்தது. அவன் மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. காஜா பேராங் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டி அன்றோடு ஆறு நாள். பிழைப்பு என்று சொல்லிச் சமைப்பதற்குப் பூசாரியிடம் அனுமதி வாங்கியிருந்தான். ருசி பார்ப்பதற்கு வாங்கவில்லை.

மலாயாவின் சுதந்திரத்துக்கு இன்னும் மூன்று மாதம். ரெஸ்ட் ஹவுஸ் பொறுப்பில் இருந்த வெள்ளைக்காரத் துரை கப்பலேறுகிறார். அதன் குசினியில் உள்ள ஐந்து சமையல்காரர்களில் இரண்டு பேருக்குத்தான் இனி வேலை. பிரெஞ்சுச் சமையல் சான்றிதழ் வைத்திருப்பவன் தப்பித்துக்கொள்வான் என்று பேச்சு.

ரப்பர் கம்பெனிக்காரரின் மனைவியான மேடம் இரண்டு மாதமாக வகுப்பு எடுத்தார். ருசி பார்க்காதவன் சமையல்காரனே இல்லை என்பது அவருடைய முதல் பாடம்.

இன்று மருதமுத்துவுக்குப் பரீட்சை; மற்ற நாலு சமையல்காரர்களுக்கும் லீவு. பரீட்சைக் கோழிதான் துரையின் பிரிவுபசார மதிய விருந்து.

மேடம் ஒரு கரண்டி மொண்டு உதட்டருகே பிடித்தார். கண்ணை மூடினார். ஆகா என்று தலையாட்டிவிட்டுச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அப்போதுதான் மருதமுத்துவின் கண் உப்பு ஜாடியில் விழுந்தது.

“மேடம்… உப்பு போட்டேனா இல்லையான்னு ஞாபகமே இல்ல. நீங்க சாப்பிட்டுப் பாத்தீங்களே, சரியா இருந்துச்சா?”

மேடத்தின் முகம் ஒயின் நிறத்துக்கு வந்தது. தட்டில் கிடந்த அவர் கரண்டியில் மொண்ட குழம்பு மொண்டபடியே இருந்தது.

“இன்று வெள்ளிக்கிழமை, மருதமுத்து. கர்த்தர் மரித்த கிழமை. நான் இறைச்சி தொடமாட்டேன்.”

சீன ஆயாவைக் கூப்பிட்டார்கள். அவள் குவான் இன் தாயாருக்கு நேர்ந்துகொண்டு பதினெட்டு வருடமாகச் சைவம்.

மலாய்க்கார டிரைவரைக் கூப்பிட்டார்கள். “ஒயினா? என்னைய நேரா நரகத்துக்கு அனுப்பப் பாக்கிறியா, அண்ணே?” என்று அவர் வாசலோடு நின்றுவிட்டார்.

பிறக்கப்போகிற நாடு கிட்டத்தட்ட முழுசாகப் பானையைச் சுற்றி நின்றது. வாயில் வைக்கத்தான் ஆள் இல்லை.

போட்ட உப்பின்மேல் இன்னொரு தரம் போட்டால் கோழி குப்பைக்குப் போகும். போடாமலே இருந்திருந்தால் வேலை போகும். யோசித்து முடிப்பதற்குள் சாப்பாட்டு மணி அடித்தது. பானை போய்விட்டது.

அரைமணி கழித்து துரையே குசினிக்குள் வந்தார். கண் கலங்கியிருந்தது. மருதமுத்து தோள் துண்டை எடுத்து மடித்துக்கொண்டான், கிளம்புகிறவன் மாதிரி.

துரை அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இருபது வருடமாக இந்த நாட்டில் உப்பும் உறைப்புமாகத் தின்று அவருக்கு நாக்கே செத்துவிட்டதாம். இங்கிலாந்தில் தன் அம்மா உப்பே காட்டாமல் அவித்துப் போடும் கோழியை இன்றைக்குத்தான் மறுபடி சாப்பிட்டாராம். இவனை எந்தக் காலத்திலும் வேலையை விட்டு எடுக்கக் கூடாது என்று, அடுத்து வருகிறவருக்குக் கடிதம் எழுதி வைத்துவிட்டுத்தான் கப்பலேறுவாராம்.

துரை போனதும் மேடம் சான்றிதழைத் திருப்பி வாங்கினார். ‘பிரெஞ்சு’ என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டு அவனிடமே கொடுத்தார்.