மெதுவா விடுங்க தம்பி

கடைக்காரரைக் குத்திய கத்தியோடு ஓடிவந்தவன், சிக்னலில் நின்ற காரை ஓட்டிய பெண்ணை முடியைப் பிடித்து ரோட்டில் இழுத்துப் போட்டுவிட்டு உள்ளே பாய்ந்தான். பக்கத்து சீட்டு நடுவயதுக்காரியின் கழுத்தில் கத்தியை வைத்தான்.

"கருமம், கியர் வண்டியா! நான் ஆட்டோமேட்டிக்தான் ஓட்டியிருக்கேன். ஒழுங்கா சொல்லிக் குடு, இல்ல அறுத்துடுவேன்!"

"கிளட்ச்சை மிதிச்சு முதல் கியர் போடுங்க. இப்ப மெதுவா விடுங்க தம்பி."

வண்டி குலுங்கி அணைந்தது. கத்தி அவள் தோளில் இறங்கியது.

"இன்னும் மெதுவா விடணும் தம்பி."

மறுபடி அணைந்தது. மறுபடி குத்தினான்.

அதற்குள் போலீஸ்காரர்கள் சூழ்ந்து, அவனை வெளியே இழுத்துப்போட்டு மிதித்தார்கள்.

"சனியன் புடிச்ச கிளட்ச், எனக்கு வரவே மாட்டேங்குது!" என்று கைவிலங்கோடு கதறினான்.

"நல்லாத்தான் விட்டீங்க தம்பி" என்ற டிரைவிங் ஸ்கூல் டீச்சர், தன் பக்கம் இருந்த இரண்டாவது பிரேக்கிலிருந்து அப்போதுதான் காலை எடுத்தாள்.