சூடான பஜ்ஜி

குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் இருந்தபோது உணவுப் பாதுகாப்பு அலுவலர் அந்த பஜ்ஜிக் கடைக்குள் நுழைந்தார். மாவு கரைத்துக்கொண்டிருந்த ஜெயபிரியாவுக்குக் கை ஓடவில்லை. சட்டியில் கொதித்தது பழைய எண்ணெய். குறையக் குறையப் புதிதை ஊற்றுவார்களே தவிர, ஒரு வாரமாக மாற்றவேயில்லை. இப்போது சீல் வைத்தால் வருஷப் பிழைப்பே போய்விடும்.

"எண்ணெய் ஏன் இப்படிக் கறுத்திருக்கு?"

"காலைல ஊத்துனதுதான் மேடம். வாழக்கா கறை," என்றான் அவள் கணவன் உச்சிமாகாளி. "நாங்களும் இதத்தான திங்கோம்."

"அப்படியா? ஒண்ணு தின்னு காட்டுங்க."

"எனக்கு வயித்துப் புண்ணு மேடம்..."

அலுவலர் சிரித்துக்கொண்டே பையிலிருந்து சோதனைக் கருவியை எடுத்தார். கடையைக் காப்பாற்ற வேறு வழி தெரியாமல், ஜெயபிரியா பஜ்ஜி ஒன்றை எடுத்து வாயருகே கொண்டுபோனாள்.

"ஏட்டி, கீழ போடு!" உச்சிமாகாளி பாய்ந்துவந்து தட்டிவிட்டான். "ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? வயித்துல பிள்ளைய வச்சிக்கிட்டு இதையா திங்கது?"

அலுவலர் கருவியைப் பைக்குள் திரும்ப வைத்தார்.

சாப்பிட்டாயா என்று ஒருநாளும் கேட்காதவனின் அந்தப் பதற்றம் ஜெயபிரியாவுக்கு ஒரு கணம் இனித்தது. பிறகு, வாசலில் தன் குழந்தைக்கு பஜ்ஜியை ஊதி ஊட்டிக்கொண்டிருந்த பெண் தன்னையே பார்ப்பது தெரிந்து தலையைக் குனிந்துகொண்டாள்.